வீல்சேரில் தினமும் டீக்கடை வரை: என் அனுபவம்

முதுகுத்தண்டில் அடிபட்டு ஊர் திரும்பிய நம் முன்னாள் ராணுவத்தினர் வீட்டுக்குள்ளேயே முடங்க, மண்டபம், பாம்பன் பக்கம் நான் கண்ட முதல் காரணம் பயம். சிறுநீரை அடக்க முடியாமல் நாலு பேர் நடுவில் வேட்டி நனைந்துவிட்டால்? ஆகவே டீக்கடைப் பேச்சுத்துணைக்கு முன், மலம், சிறுநீர் கழிக்கும் நேரத்தைச் சரிசெய்தோம்.

காலை 5 மணிக்கு வெந்நீர், கொஞ்சம் சாப்பாடு. 20 முதல் 30 நிமிடம் கழித்து மலம் கழிக்க உட்கார வேண்டும், தினமும் அதே நேரம். குடல் பழகச் சில வாரம் பிடிக்கும். நேரத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் பழகவே பழகாது. கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றச் செருகி எடுக்கும் குழாய்) 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, கிளம்பும் முன் கட்டாயம். வெளியே போகிறோமே என்று தண்ணீரைக் குறைப்பது பெரிய தப்பு. சிறுநீரில் கிருமித்தொற்றுதான் மிச்சம்.

மணலில் முன் சக்கரம் புதையும். வண்டியைத் திருப்பி, பெரிய சக்கரம் முன்னே போக, பின்னோக்கி இழுக்கச் சொல்லுங்கள். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் உப்பும் மணலும் பேரிங்கில் ஏறும்: வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, கிரீஸ்.

கடையில் அரை மணிக்கு ஒருமுறை, 2 நிமிடம் முன்பக்கம் நன்றாகக் குனிய வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண். சூடான டம்ளரை மடியில் வைக்கவே கூடாது, உணர்ச்சி இல்லாத தோல் வெந்தாலும் தெரியாது.

மிகவும் பலன் தந்தது ஒன்று: 7 மணிக்கு ஆள் வரவில்லை என்றால் உடனே போன் செய்யும்படி டீக்கடைக்காரரிடம் சொல்லிவைத்தது.