பேப்பர் போடும் வேலைக்குப் புதிதா? ஒரு வீடும் விடுபடாமல், ஒரு வீட்டுக்கும் இரண்டு போகாமல் இருக்க

விடியற்காலையில் பேப்பர் வரவில்லை என்றால் நம் பெரியவர்கள் பலருக்குக் காபியே இறங்காது. அதிலும் இங்கே சிங்கப்பூரில் தமிழ் முரசு நாளிதழ் வாங்கும் வீடு ஒரு புளோக்கில், அதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், ஒன்றிரண்டுதான் இருக்கும். கட்டுக்கட்டாக ஆங்கில, சீனப் பேப்பர்களுக்கு நடுவில் விடுபடுவதும் அதுதான்.

முதலில் பட்டியல். பெயர் வாரியாக வேண்டாம். நீங்கள் நடக்கும் வரிசையில், முகவரி வாரியாக எழுதுங்கள். அப்பா பெயரில் ஒன்று, மகன் பெயரில் ஒன்று என ஒரே வீடு இரண்டு முறை பதிவாகியிருந்தால் உடனே கண்ணில் படும். ஆனால் அவசரப்பட்டு ஒன்றை அடித்து நீக்கிவிடாதீர்கள். அந்த வீட்டில் முரசும் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் வாங்கலாம். அதனால் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பேப்பரின் பெயரையும் சுருக்கமாகக் குறியுங்கள்.

அஞ்சல் குறியீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகளில் அதன் கடைசி மூன்று இலக்கம் பெரும்பாலும் புளோக் எண்தான். உதாரணமாக, லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா நிலையம் 665 பஃபலோ ரோடு, குறியீடு 210665. இரண்டும் ஒத்துவரவில்லையா, வாடிக்கையாளரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். புளோக் எண்ணோடு ஏ, பி என்று எழுத்து இருந்தால் அதை வட்டமிட்டு வையுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. இதில்தான் எல்லாமே இருக்கிறது. மொத்தக் கட்டையும் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறாதீர்கள். புளோக்கின் கீழேயே நின்று, அந்த ஒரு புளோக்குக்கு வேண்டியதை மட்டும் பேப்பர் வாரியாக எண்ணி எடுங்கள். முரசு இரண்டு, மலாய்ப் பேப்பரான பெரித்தா ஹரியான் மூன்று, இப்படி. இறங்கி வரும்போது கையில் ஒன்று மிஞ்சினால் எந்த வீடோ விடுபட்டிருக்கிறது. ஒன்று குறைந்தால் யாருக்கோ இரண்டு போயிருக்கிறது. அந்தப் புளோக்கிலேயே தேடிச் சரிசெய்யலாம். எல்லாம் முடிந்தபிறகு எண்ணினால், ஓரிடத்தில் விடுபட்டதும் இன்னோரிடத்தில் கூடுதலாகப் போனதும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். கணக்கு சரியாக இருக்கும், வீடு தவறியிருக்கும்.

மேல் மாடிக்கு லிஃப்டில் போய், படி வழியாக இறங்கி வாருங்கள். வீட்டு எண்ணின் முன்பாதி மாடி, பின்பாதி வீடு. 08-116க்கு நேர் கீழே 07-116. தாழ்வாரமும் கதவுகளும் அச்சாக ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் ஒவ்வொரு மாடியிலும் சுவரில் உள்ள மாடி எண்ணைப் பார்த்த பிறகே நடங்கள். பக்கத்து வீடு அடுத்த எண்ணாகத்தான் இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். பல புளோக்குகளில் 116க்கு அப்புறம் 118தான். செருப்பு அலமாரி, துளசி மாடம் என்று அடையாளம் வைப்பதும் சரிப்படாது, அவை இடம் மாறும்.

தீபாவளிக்கோ டிசம்பர் விடுமுறைக்கோ ஊருக்குப் போகிறவர்கள் நிறுத்தச் சொல்வார்கள். அந்த வரியை அழிக்காமல், கடைசியாகப் போடும் நாள், மறுபடி தொடங்கும் நாள் இரண்டையும் அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். நிறுத்தும் நாளை மட்டும் எழுதினால் அவர்கள் திரும்பி வந்ததும் பேப்பர் இருக்காது.

உங்களுக்குப் பதிலாக வேறொருவர் போகும் நாளில் பட்டியலை ஒரே ஆள் வைத்திருக்கட்டும். விடுபட்டதாக வாடிக்கையாளர் அழைத்தாலும் அவரே போய்க் கொடுக்கட்டும். இருவரும் தனித்தனியே ஓடினால் அதே வீட்டுக்கு இரண்டு போய்ச் சேரும்.