கல்லூரிப் பிள்ளைக்கு உதவப் போகிறீர்களா? ஃபீஸைக் கடைசியாகக் கேளுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும், "வசதியில்லாத பிள்ளை யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஃபீஸ் கட்டிவிடுகிறேன்" என்று பலர் கேட்பதுண்டு. நல்ல மனசுதான். ஆனால் தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியலோ மருத்துவமோ சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

பிள்ளைகள் தடுக்கி விழுவது வேறு இடத்தில். எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. டிராஃப்டர், லேப் கோட், ஷூ, பெட்டி, பஸ் செலவு எல்லாம் சேர்த்து எட்டாயிரம் புரட்ட முடியாமல் முதல் வாரம் கல்லூரிக்கே போகவில்லை. கூச்சத்தில் யாரிடமும் சொல்லவும் இல்லை.

அதனால் சேர்வதற்கு முன்பே உட்கார்ந்து பேசி, முதல் மூன்று மாதச் செலவை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தொகையைக் கொடுங்கள். உதவித்தொகை பல நேரம் தாமதமாகத்தான் கணக்கில் ஏறும்.

அறக்கட்டளை வழியாகக் கொடுப்பதானால் ஆன்லைனிலோ காசோலையாகவோ கொடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் அந்தச் சலுகையே. பிள்ளை கையில் நேரடியாகக் கொடுத்தால் அதுவும் இல்லை, போகட்டும்.

அப்புறம், காசோலை நீட்டும் போட்டோ மட்டும் வேண்டாம். அந்தப் பையன் அதே கல்லூரியில் நாலு வருஷம் இருக்க வேண்டியவன்.