கொங்கு மண்ணில் ஸ்டீம்பங்க் நாவல்: கருப்பொருள் நழுவும் இடங்கள்

ஸ்டீம்பங்க், அதாவது நீராவி இயந்திரக் காலத்தை வேறு மாதிரி கற்பனை செய்யும் கதைவகை, என்றாலே பித்தளைப் பல்சக்கரமும் ஆகாயக் கப்பலும் கண்முன் வந்துவிடுகின்றன. ஒரு ஆகாயக் கப்பலை நொய்யல் கரையில் இறக்கினால் நாவல் தயார் என்று நினைப்பதுதான் முதல் தவறு. இளையோருக்காக எழுத வருகிறவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். இயந்திரம் அலங்காரமாக நின்றுவிட்டால், கதை எதைப் பற்றியது என்று கேட்டால் பதில் இருக்காது.

கொதிகலனுக்கு விறகோ கரியோ வேண்டும், தண்ணீர் வேண்டும். கொங்கில் நிலக்கரி இல்லை. விறகு என்றால் மலைக்காடு அழியும். தண்ணீரோ கவலை ஏற்றத்தில் மாடு பூட்டி, ஆழக் கிணற்றிலிருந்து இறைத்தது. ஊருக்குள் நீராவி ஆலை வந்தால் யாருடைய தோட்டம் காயும்? மழையை நம்பிக் கம்பு விதைத்த காட்டுக்காரர் என்ன செய்வார்? 1876–78 தாது வருசப் பஞ்சத்தில் சேலம், கோவை மாவட்டங்கள் துடித்தன. அந்த ஆண்டுகளில் கதையை வையுங்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊர் வழியே கொதிகலனுக்குத் தண்ணீர் வண்டி போகட்டும். முன்னேற்றத்துக்கு விலை கொடுப்பவர் யார் என்ற கேள்வியை நீங்கள் எழுதவே வேண்டாம், வாசகரே கேட்பார்.

வரலாற்றை ஒரு இடத்தில் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விடுவது அடுத்த தவறு. 1799இல் மைசூர் திப்பு சுல்தானின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் ஆங்கிலேயரிடம் விழவில்லை என்று வைத்துக்கொள்வோம். சரி, அப்புறம் கோவையில் ஆங்கிலேயக் கலெக்டர் எப்படி உட்கார்ந்திருக்கிறார்? 1860களில் போத்தனூர் வழியாக வந்த ரயில் பாதையைப் போட்டது யார்? 1888இல் ஸ்டேன்ஸ் துரை தொடங்கிய பஞ்சாலை இருந்திருக்குமா? இவை எல்லாவற்றுக்கும் வேறு பதில் தேட வேண்டும்.

இன்னொன்று, நல்லவர் ஒரு பக்கம், கெட்டவர் மறுபக்கம் என்று கோடு போடுவது. மைசூருக்குப் போன வரிப்பணத்தைச் சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே சின்னமலை பறித்தார் என்று இங்கே வழிவழியாகச் சொல்வார்கள். அதே தீரன் சின்னமலை பின்னாளில் திப்புவோடு சேர்ந்து ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்தார். 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். விசுவாசம் எப்படி இடம் மாறுகிறது என்பது பதினைந்து வயதுக்காரருக்கு நன்றாகவே புரியும். இளம் வாசகரைக் குறைத்து எடைபோட வேண்டாம்.

அந்த வயதைப் பற்றியும் யோசியுங்கள். 1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்கு உட்பட்டவர்களை மட்டுமே வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. பன்னிரண்டு தாண்டினால் அதன் பாதுகாப்பே கிடையாது. அதாவது உங்கள் வாசகர் அன்றைய ஆலையில் முழு ஆள். எல்லாவற்றையும் தனியாகச் சாதிக்கும் மேதைப் பையனைவிட, நூல் அறுந்ததற்காகக் கூலி பிடிக்கப்பட்ட பெண்ணின் கோபம் கதையை வெகுதூரம் இழுத்துப் போகும். அவள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள், ஆலையின் தண்ணீர்ப் பானையைத் தொட விடுகிறார்களா என்பதையும் எழுதுங்கள். இயந்திரம் வந்ததும் சாதி மறைந்துவிட்டதாகக் காட்டும் நாவலை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்பிச்சி பேத்திக்கு நாலு பக்கம் உபதேசம் செய்யும் காட்சியை வெட்டிவிடுங்கள்.

லண்டன் மூடுபனியும் வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதம் அடிக்கிற காற்று நம்மிடம் இருக்கிறது. உங்கள் ஆகாயக் கப்பல் முதலில் அதை எதிர்த்துப் பறக்கட்டும்.