புரோபோஃபோல் ஊசி வலியைத் தடுக்கும் முறை: பெண் நோயாளிகளுக்குக் கூடுதல் கவனம்

மயக்க மருந்தான புரோபோஃபோல் சிரையில் ஏறும்போது, நோயாளி உறங்கிப்போவதற்கு முந்தைய சில நொடிகளில், கை எரிவது போன்ற வலியை உண்டாக்கும். தடுப்பு எதுவும் செய்யாவிட்டால் பத்தில் ஆறு பேர் இதை உணர்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இவ்வலி கூடுதல் என்று பல ஆய்வுகள் கூறுகின்றன. எல்லா ஆய்வுகளும் அவ்வாறு கூறவில்லை. சிறிய சிரைகளும் வலியுணர்வில் ஹார்மோன்களின் பங்கும் காரணங்களாகச் சொல்லப்பட்டாலும், எதுவும் முடிவாக நிறுவப்படவில்லை. எனவே பாலினத்தைக் கொண்டு வலியை அளவிடாமல், பெண்ணாக இருந்தால், அதிலும் இளவயதினராக இருந்தால், தடுப்பை எக்காரணத்தாலும் விட்டுவிடக் கூடாது என்று கொள்வதே என் பரிந்துரை. 'பயந்த சுபாவம்' என்று சொல்லி வலியைத் தள்ளிவிடும் பழக்கம் மருத்துவமனைகளில் இன்னும் இருப்பதால் இதை வலியுறுத்த வேண்டியிருக்கிறது.

முதலில் சிரையைத் தேர்ந்தெடுங்கள். புறங்கைச் சிரையைவிட முழங்கை மடிப்பிலுள்ள பெரிய சிரையில் வலி வெகுவாகக் குறைகிறது. அங்கே இரத்த ஓட்டம் மிகுதி என்பதால் மருந்து விரைவில் நீர்த்து, சிரைச் சுவரை அதிகம் உறுத்துவதில்லை. கை மடங்கினால் வென்ஃப்ளான் (சிரைக்குள் செருகி வைக்கும் மெல்லிய குழாய்) அடைபடும் என்பதும், அருகிலேயே தமனி ஓடுவதால் ஊசி தவறி அதில் நுழையலாம் என்பதும் இதன் குறைகள். சிறிய சிரைகளே கிடைக்கும் பெண்களிடமும் இந்த இடத்தை முதலில் தேடிப் பார்ப்பது பயன் தரும்.

புறங்கையைத் தவிர வேறு வழியில்லை என்றால், மரத்துப்போகச் செய்யும் மருந்தான லிக்னோகெய்னை நம்புங்கள். கையைச் சற்று உயர்த்தி இரத்தம் வடிந்தபின் முன்கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்ற அளவில், அதாவது பெரியவர்களுக்கு 2 சதவீத மருந்தில் ஏறத்தாழ 2 மில்லிலிட்டர் செலுத்தி, அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை காத்திருந்து, பட்டையை அவிழ்த்த பிறகே புரோபோஃபோலைக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் இந்தக் காத்திருப்பைத்தான் பலர் சுருக்கிவிடுகிறார்கள். பலனும் அதோடு சுருங்கிவிடுகிறது. சிரை வழியே கொடுப்பதற்கு உரிய, அட்ரினலின் சேராத குப்பிதானா என்று படித்துப் பாருங்கள். லிக்னோகெய்ன் ஒவ்வாமையோ இதயத் துடிப்புக் கடத்தலில் தடையோ உள்ளவர்களுக்கு இம்முறை ஆகாது.

பட்டை கட்ட இயலாதபோது, 200 மில்லிகிராம் புரோபோஃபோலில் 20 மில்லிகிராம் லிக்னோகெய்ன் கலந்து உடனே பயன்படுத்தலாம். கலவையை வைத்திருந்தால் புரோபோஃபோலிலுள்ள நுண்ணிய எண்ணெய்த் துளிகள் ஒன்றுசேரத் தொடங்கும். நடுத்தர நீளக் கொழுப்பு சேர்த்த புரோபோஃபோல் வகையும் குறைவாகவே எரிகிறது. வீரியமிக்க வலிநிவாரணியான ஃபென்டானிலைச் சிறிய அளவில் முன்கூட்டியே கொடுப்பது ஓரளவு உதவும்.

தசை தளர்த்தியான ரோகுரோனியமும் வலிக்கும். உறங்கிய நோயாளி கூடக் கையைச் சட்டென்று இழுப்பார். இதுவும் பெண்களிடம் அதிகம் காணப்படுவதாக அறியப்படுகிறது. அதற்கும் முன்னதாகக் கொடுக்கும் லிக்னோகெய்ன் உதவும்.

இவ்வளவும் செய்த பின்பும் நோயாளி துடித்தால், அதை மருந்தின் இயல்பு என்று விட்டுவிட வேண்டாம். ஊசி போட்ட இடம் வீங்குகிறதா, விரல்கள் வெளுக்கின்றனவா என்று பாருங்கள். அவ்வாறு இருந்தால் மருந்து சிரைக்கு வெளியிலோ தமனியிலோ செல்லக்கூடும் என்பதால் உடனே நிறுத்துங்கள்.