மரக்காணம் உப்பளத்தை ட்ரோனில் படமெடுக்க

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 120 கி.மீ. போனால் மரக்காணம். அதிகாலை 3 மணிக்குக் கிளம்பினால் விடியும்போது உப்பளத்தில் நிற்கலாம். வெயில் ஏறிய பிறகு போய்ப் பயனில்லை. உப்பு வாரும் வேலை அதற்குள் பெரும்பாலும் முடிந்திருக்கும், ஆட்களில்லாத வெறும் பாத்திதான் கிடைக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை நல்ல பருவம். ஐப்பசி மழை தொடங்கினால் பாத்திகள் மூழ்கிவிடும். கோடை மழை பெய்த மறுநாளும் போக வேண்டாம். விளைந்த உப்பு கரைந்து, நீரின் நிறமும் வெளுத்திருக்கும்.

முதலில் சட்டம். 2021 ட்ரோன் விதிகளின்படி ட்ரோனைப் பதிவு செய்து தனி அடையாள எண் பெற வேண்டும். 2 கிலோ வரையுள்ள மைக்ரோ ட்ரோனைச் சொந்த விருப்பத்துக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. காசுக்கு எடுத்துக் கொடுப்பதானால் தேவை. ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் பச்சையாக உள்ள இடத்தில் 120 மீட்டர் உயரம் வரை தனி அனுமதி வேண்டாம். கிளம்பும் நாளிலேயே வரைபடத்தை இன்னொருமுறை பாருங்கள். வழியில் உள்ள கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பக்கம் ட்ரோனை வெளியே எடுக்கவே வேண்டாம். மரக்காணத்தை ஒட்டியுள்ள கழுவேலி பறவைகள் சரணாலயம், வனத்துறை அனுமதி இல்லாமல் ட்ரோன் நுழையக் கூடாத இடம். செம்பருந்து வட்டமிட்டால் உடனே இறக்கிவிடுங்கள்.

இனி ஒளி. உப்பளப் படங்கள் பெரும்பாலும் கெடுவது சூரியனின் பிரதிபலிப்பால்தான். பாத்தி நீர் கண்ணாடி மாதிரி. கேமராவை நேர்கீழாக வைத்தால், சூரியன் அடிவானத்திலிருந்து 50 டிகிரி ஏறியதும் அதன் வெள்ளைப் பொட்டு படத்தின் ஓரத்தில் நுழைந்துவிடும் (வழக்கமான 24 மி.மீ. லென்ஸுக்கு). மார்ச்சில் இது காலை ஒன்பதே முக்கால் வாக்கில் நடக்கும், மே மாதத்தில் இன்னும் முன்னதாக. ஆகவே 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். எல்லாவற்றிலும் நல்லது சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் கழித்து. அப்போது சூரியன் 15 டிகிரிக்குச் சற்றுக் கீழே இருக்கும், ஓர் ஆளின் நிழல் 6 மீட்டருக்கு நீளும். மேலிருந்து பார்த்தால் ஆள் ஒரு தலைப்பாகையும் இரண்டு தோளும்தான். குனிந்து பலகையால் உப்பை இழுப்பதையும், சும்மாட்டின் மேல் கூடை ஏறுவதையும் காட்டிக்கொடுப்பது அந்த நிழல்தான்.

உயரத்துக்கு ஆசைப்படாதீர்கள். 100 மீட்டரில் ஒரு படம் சுமார் 144 மீட்டர் அகலத்தை அடக்கும். பாத்திகளின் கட்டமும் நிறமும் அழகாக வரும், ஆள் புள்ளியாகிவிடுவார். 25 மீட்டரில் அகலம் 36 மீட்டர். வாருபவர், வரப்பு, பக்கத்துக் குவியல் மூன்றும் தெளிவாக விழும். 10 மீட்டருக்குக் கீழே மட்டும் இறங்க வேண்டாம். கண்ணாடி நீரின் மேல் ட்ரோனின் அடிப்பக்க சென்சார் குழம்பி, தானாக நகரும், இறங்கவும் பார்க்கும்.

நிறத்தைப் புரிந்துகொண்டால் எங்கே பறப்பது என்று தெரிந்துவிடும். உப்புச்செறிவை அளக்கும் பாமே அளவில் கடல்நீர் 3 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும். அதைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிடுவார்கள். 25 டிகிரியை ஒட்டித்தான் உப்பு விளையத் தொடங்கும். தொடக்கப் பாத்திகள் பச்சை, பழுப்பு. உப்புச்செறிவு ஏற ஏற, அதைத் தாங்கி வாழும் பாசியும் நுண்ணுயிரும் நீரை இளஞ்சிவப்பாக்கும். இந்தச் சிவப்பு உண்மையான நிறம். எடிட்டிங்கில் இன்னும் ஏற்றினால் சாயத் தண்ணீர் போலாகிவிடும்.

நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 5500 கெல்வினில் நிறுத்துங்கள், இல்லையென்றால் பாத்திக்குப் பாத்தி நிறம் மாறும். வெண்மை நிறைந்த காட்சியைக் கேமரா சாம்பலாக்கும் என்பதால், உப்பு அம்பாரம் படச்சட்டத்தை நிறைக்கும்போது எக்ஸ்போஷரை +0.7 வரை கூட்டி, படத்தின் ஒளிப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். வலப்பக்கம் முட்டினால் உப்பின் கல்கல்லான தோற்றம் போய் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) கோப்பாகவே எடுங்கள். பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் போலரைசர் நேர்கீழ்ப் படத்துக்கு உதவாது. கேமராவை அடிவானத்திலிருந்து 35–40 டிகிரி தாழ்த்தும்போதுதான் நீரின் மினுக்கத்தை நீக்கி அடித்தரையைக் காட்டும்.

பாத்தியிலிருந்து ஏற்ற வேண்டாம். இறக்கைக் காற்று உப்புநீரைக் கிளப்பி மோட்டாரிலும், கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பலிலும் அடிக்கும். லாரி போகும் மண்பாதையில் விரிப்பு போட்டு ஏற்றுங்கள். முற்பகலில் கடற்காற்று பிடித்தால் எதிர்க்காற்றில் திரும்ப பேட்டரி வேகமாகத் தீரும். 35 சதவீதத்தில் திரும்பிவிடுங்கள். வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடலைத் துடைத்து உலர்த்துங்கள். உப்புநீரில் விழுந்துவிட்டால் உடனே பேட்டரியைக் கழற்றி, ட்ரோனை நல்ல தண்ணீரில் அலசுங்கள். இயங்குகிறதா என்று பார்க்க ஆன் செய்தால் போர்டு போய்விடும்.

குத்தகைதாரரிடமும் வேலை செய்பவர்களிடமும் கேட்டுவிட்டே ஏற்றுங்கள். பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகி நீரில் நின்று வேலை செய்கிறார்கள், கேட்காமல் தலைக்கு மேல் நிறுத்துவது அநாகரிகம். பாத்தித் தரை வாரக்கணக்கில் மிதித்துக் கெட்டிப்படுத்தியது. ஒரு செருப்புத் தடம் விழுந்தாலும் அங்கே சேறு கலந்து உப்பு கறுக்கும். வரப்பு மேலேயே நடங்கள், அதுவும் கரை இடியாதபடி.