பெரியார் திடலுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

வெளியூரிலிருந்து சென்னைக்கு வரும் பலர் பெரியாரின் நினைவிடத்தையும் மெரினாவில்தான் தேடுகிறார்கள். அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கலைஞர் எல்லாரும் அங்கே இருப்பதால் வரும் குழப்பம் இது. பெரியார் இருப்பது வேப்பேரி பெரியார் திடலில். 1973 டிசம்பர் 24 அன்று வேலூரில் காலமானவரை மறுநாள் அரசு மரியாதையுடன் இங்கே அடக்கம் செய்தார்கள். எழும்பூர், சென்ட்ரல் இரண்டிலிருந்தும் ஆட்டோவில் போகிற தூரம்தான். ஈரோட்டில் இருப்பது அவர் வாழ்ந்த வீடு, பெரியார் அண்ணா நினைவகம், அது வேறு.

திடலை அரசு நடத்தும் நினைவகம் என்று நினைத்துக்கொண்டு போவதும் வழக்கம். அது திராவிடர் கழகத்தின் தலைமையிடம். ‘விடுதலை’ நாளிதழ் அலுவலகம், நூலகம், எம்.ஆர்.ராதா பெயரில் ஒரு மன்றம் எல்லாம் அதே வளாகத்தில் இருக்கின்றன. கூட்டமும் நடக்கும், சுயமரியாதைத் திருமணமும் நடக்கும். அதனால் வாசலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போவது நல்லது.

நாள் பார்த்துப் போகிறேன் என்று அவருடைய பிறந்தநாளான செப்டம்பர் 17-ஐயோ நினைவு நாளான டிசம்பர் 24-ஐயோ தேர்ந்தெடுத்தால், மாலையோடு வரும் தலைவர்களையும் தொண்டர்களையும்தான் பார்ப்பீர்கள். நிதானமாக நின்று பார்க்கச் சாதாரண நாள்தான் சரி. அப்புறம், கற்பூரம், ஊதுபத்தி, தேங்காய் எல்லாம் வேண்டாம். கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் சடங்குகளை எதிர்த்தே வாழ்ந்த மனிதரின் சமாதியில் சூடம் காட்டுவது வேடிக்கையாக இருக்கும்.

என்னைக் கேட்டால், பெரிய தவறு மணியம்மையாரைக் கவனிக்காமல் திரும்புவது. அவரும் இதே திடலில்தான் அடக்கமாகியிருக்கிறார். பலர் பெரியார் சமாதியில் ஒரு செல்ஃபி எடுத்ததும் கிளம்பிவிடுகிறார்கள். பெரியாருக்குப் பிறகு 1978 மார்ச் 16-இல் மறையும் வரை கழகத்தின் தலைவராக இருந்தவர் அவர். 1974 டிசம்பரில் எதிர்ப்புகளுக்கு நடுவே, வடக்கில் இராவணன் உருவத்தை எரிக்கும் இராம லீலாவுக்குப் பதிலடியாக இராமன் உருவத்தை எரித்த இராவண லீலாவை நடத்தியதும் அவர் தலைமையில்தான். பெண்ணுரிமை பேசியவரைப் பார்க்க வந்துவிட்டு, அவருடைய இயக்கத்தை நடத்திய பெண்ணை ‘பெரியாரின் மனைவி’ என்ற ஒரே வரியில் முடித்துவிடுவது எப்படிச் சரியாகும்?

பிள்ளைகளோடு போகிறவர்கள் கதை சொல்லும்போது, இன்றைய கேரளத்தில் உள்ள வைக்கத்தில் நடந்த போராட்டத்தில்தான் பெரும்பாலும் தடுக்கி விழுகிறார்கள். ‘கோவிலுக்குள் நுழையப் போராடினார்’ என்று சொல்லிவிடுகிறார்கள். 1924 மார்ச் 30-இல் வைக்கத்தில் தொடங்கிய போராட்டத்தின் கோரிக்கை, கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கும் உரிமை. உள்ளூர்த் தலைவர்கள் கைதான பிறகு அழைப்பின் பேரில் போன பெரியார், இருமுறை சிறைப்பட்டார். அவருடைய முதல் மனைவி நாகம்மையாரும் களத்தில் இருந்தார். வைக்கம் அடங்கிய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் கோவில் நுழைவு உரிமை வந்தது 1936-இல். தெருவில் நடக்கவே போராட வேண்டியிருந்தது என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளிடமிருந்து உடனே கேள்வி வரும்.

வாட்ஸ்அப்பில் ‘பெரியார் சொன்னது’ என்று வருவதை அங்கே நின்றுகொண்டு ஒப்பிக்கவும் வேண்டாம். பக்கத்திலேயே நூலகம் இருக்கிறது. 1925 மே மாதம் தொடங்கிய ‘குடி அரசு’ இதழில் அவர் எழுதியவை தொகுக்கப்பட்டு நூல்களாகவே வந்துவிட்டன. எந்த இதழ், எந்தத் தேதி என்று கேட்டுப் பார்த்துவிட்டே வரலாம்.