மார்ஃபின் மாத்திரை நோயாளியின் வீடு வரை வந்துசேர: சிறு மருத்துவமனைகளுக்கான வழிமுறை

புற்றுநோய் முற்றிய நிலையில் வரும் கடுமையான வலிக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் முதன்மையான மருந்துகளில் ஒன்று வாய்வழி மார்ஃபின். பத்து மில்லிகிராம் மாத்திரை ஒன்றின் விலை சில ரூபாய்தான். அதற்கு மூலப்பொருளான அபினை மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமம் பெற்ற உழவர்கள் விளைவிக்கிறார்கள். காஜிபூரிலும் நீமச்சிலும் உள்ள அரசு ஆலைகள் அதைப் பதப்படுத்துகின்றன. இருந்தும், பெரிய நகரங்களை விட்டுச் சற்று விலகினால் அந்த மாத்திரை கிடைப்பது அரிதாகிவிடுகிறது. 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மருத்துவப் பயன்பாட்டுக்கு விலக்கு அளித்தது உண்மைதான். ஆனால் மாநிலங்கள் வகுத்த விதிகளின்படி ஒரே சரக்கை வாங்கவே பல துறைகளிடம் தனித்தனி உரிமம் பெற வேண்டியிருந்தது. அவற்றில் ஒன்றின் காலம் முடிவதற்குள் மற்றொன்று வந்துசேராது. 1998 வாக்கில் இந்தியாவின் மார்ஃபின் பயன்பாடு தொண்ணூற்றைந்து விழுக்காட்டுக்கும் மேல் சரிந்து, ஆண்டுக்கு 18 கிலோ என்ற அளவுக்கு வந்துவிட்டது.

2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் 'அத்தியாவசியப் போதை மருந்துகள்' என அறிவிக்கப்பட்டன. 2015-இல் வந்த விதிகள், மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வழங்கும் ஒரே அங்கீகாரம் போதும் என்று ஆக்கின. ஆகவே, இப்போது குறையாக இருப்பது பெரும்பாலும் விண்ணப்பிக்க முன்வரும் மருத்துவமனைதான் என்பது என் கணிப்பு. இவ்வழிமுறை அப்படி முன்வரக்கூடிய சிறு மருத்துவமனைகளுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் உரியது.

முதலில் ஒரு மருத்துவர் தயாராக வேண்டும். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் வலி நிவாரணத்துக்கு இம்மருந்துகளை எழுதித் தருபவர் அதற்கான பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பதால், கட்டடத்தையும் அலமாரியையும் பற்றி யோசிக்கும் முன்பே ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பிவிடுவது நல்லது. இந்திய வலி நிவாரணச் சிகிச்சைச் சங்கம் நடத்தும் குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்பைப் பணியில் இருந்துகொண்டே முடிக்கலாம். இயன்றால் இருவரை அனுப்புங்கள். ஒருவர் வேறு ஊருக்கு மாறிப்போனால் எழுதித் தர ஆளில்லாமல் பூட்டிய அலமாரிக்குள் மாத்திரை கிடக்கும் நிலை வரக்கூடாது.

அடுத்து, ஆண்டுத் தேவையைக் கணக்கிட வேண்டும். பலரும் பயந்து குறைத்து எழுதுவது இங்கேதான். கணக்கு எளியது: ஒரே நேரத்தில் 20 நோயாளிகள், சராசரியாக ஒருவருக்கு நாளொன்றுக்குப் பத்து மில்லிகிராம் மாத்திரை ஆறு என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 3,600 மாத்திரையும் ஆண்டுக்கு 43,200 மாத்திரையும் வேண்டும், எடையில் அது அரைக் கிலோவுக்கும் குறைவு. புதிய நோயாளிகளையும் அளவு கூடுவதையும் கருதிக் கால் பங்கு சேர்த்து எழுதுங்கள். சரக்கு வந்துசேர எடுக்கும் காலத்தையும் மறந்துவிடக்கூடாது: கையிருப்பு இரண்டு மாதத் தேவைக்குக் கீழே இறங்கும்போதே அடுத்த கோரிக்கை போய்விட வேண்டும். வலி மருந்து பாதியில் நின்றுபோவது, தொடங்காமலே இருப்பதைவிடக் கொடுமையானது.

விண்ணப்பம் போகும்போது நிர்வாகத்திலிருந்து எழும் முதல் கேள்வி, மருந்து வெளியே கசிந்தால் யார் பொறுப்பு என்பதாகத்தான் இருக்கும். அவர்களுக்குக் கேரளத்தைக் காட்டலாம். கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி நிவாரணச் சிகிச்சைச் சங்கம், வீட்டிலேயே இருக்கும் நோயாளிகளுக்கு வாய்வழி மார்ஃபினைக் கொடுத்தனுப்பியது. இரண்டு ஆண்டுகளில் 1,723 நோயாளிகளுக்குக் கொடுத்தும் தவறான பயன்பாடோ கசிவோ காணப்படவில்லை என்று அச்சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் அவருடைய சகாக்களும் 2001-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். இந்த நம்பிக்கைக்கு அடிப்படை ஒழுங்கான ஏடு. வரவு, விநியோகம், இருப்பு ஆகிய மூன்றும் அன்றன்றே எழுதப்பட வேண்டும்; சாவி இன்னாரிடம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்; மாத்திரையை எண்ணுபவரும் எழுதுபவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பது பாதுகாப்பு.

மருந்து கைக்கு வந்தபின் இன்னொரு தடை மிச்சமிருக்கிறது. அது வீட்டிலேயே இருக்கிறது. "மார்ஃபின் ஆரம்பிச்சுட்டாங்கன்னா அவ்வளவுதான்" என்று உறவினர்கள் கலங்குவார்கள். இது கடைசி நாளுக்கான மருந்தன்று, வலி தணிந்தால் நோயாளி உண்ணவும் உறங்கவும் பேசவும் முடியும் என்பதை முதல் சீட்டு எழுதும்போதே, அவசரப்படாமல், வீட்டில் முடிவெடுப்பவரையும் உடன் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். வலிக்காக முறையாகக் கொடுக்கும்போது அடிமைத்தனம் ஏற்படுவது அரிது என்பதையும், அதே சமயம் மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

வலி வந்தபின் கொடுப்பதல்ல, நேரம் பார்த்துக் கொடுப்பதே முறை. சாதாரண மாத்திரையின் பலன் ஏறக்குறைய நான்கு மணி நேரமே என்பதால் காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10 என்று (இரவு முழுவதும் தாங்கும்படி கடைசி வேளைக்கு மருத்துவர் குறிக்கும் அளவோடு) தாளில் எழுதி, படிக்கத் தெரியாதவர்களுக்குச் சூரியன், நிலா படம் வரைந்து கொடுங்கள். இடையில் வலி பீறிட்டால் தருவதற்கு, அன்றாட மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கைத் தனியே குறித்துக் கொடுப்பது வழக்கம். மலச்சிக்கல் ஏறத்தாழ எல்லோருக்கும் வரும். எனவே மார்ஃபின் சீட்டிலேயே மலமிளக்கியும் இருக்க வேண்டும். குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாள்களில் குறையும். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு மார்ஃபினின் கழிவுகள் உடலில் தேங்குவதால், அளவைக் குறைப்பதா அல்லது ஃபென்டனில் ஒட்டுப்பட்டைக்கு மாறுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். நோயாளியை எழுப்ப முடியாமலோ மூச்சு மிக மெதுவாகவோ இருந்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே அழைக்கும்படி, எந்நேரமும் எடுக்கப்படும் தொலைபேசி எண் ஒன்று அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் செவிலியர்கள் படுக்கையில் இருப்போரின் வீடுகளுக்குச் செல்கிறார்கள். உங்கள் வட்டாரச் செவிலியருக்கு உங்களிடம் மார்ஃபின் உண்டு என்பதும் யாரை அனுப்பலாம் என்பதும் தெரிந்திருந்தால், நோயாளியைத் தேடும் வேலையில் பாதி குறைந்துவிடும். நேரில் வர முடியாதவருக்காகக் குடும்பத்தினர் மாத்திரை வாங்கிச் செல்லும்போது மருந்துச் சீட்டின் நகலையும் உடன் கொடுத்தனுப்புங்கள்; வழியில் யாரேனும் கேட்டால் காட்ட அது வேண்டும். நோயாளி காலமான வீட்டிலிருந்து மீதி மாத்திரைகளைத் திரும்பப் பெற்று, எண்ணி, ஏட்டில் தனியாக வரவு வைத்து, அவற்றை அழிக்கும் முறையை மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் கேட்டுச் செய்ய வேண்டும்.